அரசர் குடும்பம் ஏறத்தகாத நாவாய்களும் ஏறவேண்டிய தோணியும்

கொற்றம் ஓங்குக. கடலை அகழியாகவும் மலையை மதிலாகவும் கொண்ட வெண்கரை நாட்டின் தலைவர், வடவெல்லைப் போரை வென்று மூன்றாண்டுக்குப் பின் மாளிகை மீண்டவர், பகைவர் அஞ்சும் வேலும் இரவலர் அஞ்சாத வாயிலும் உடையவர் ஆகிய திருநிலவேள் தேவர் திருமுன், முரல்பட்டினத்துத் துறைமாளிகையிலிருந்து அமைச்சன் மாளவராயன் பணிந்து விடுக்கும் ஓலை. தேவரீரும் அரசியார் பூதலச்செல்வியாரும் நலமே இருப்பீர்களாக. நெடுமதிலூரில் ஏரி நிறைக, வயல் விளைக, அரண்மனை வைத்தியர் வேலையற்றிருப்பாராக. அடியேன் இங்கு நலமாக இல்லை. உண்ட சோறு உடம்பில் தங்கவில்லை. அதற்கான காரணமே இவ்வோலையின் பொருள்.

தேவரீர் குடும்பத்தோடு கடலில் உலாவிவர எண்ணி, பிள்ளைகளுக்கு ஏற்ற கலம் ஒன்றைத் தேர்ந்து சொல்லுமாறு பணித்தீர்கள். ஏற்றதா என்பதைப் பிள்ளைகளைக் கொண்டே அறியலாம் என்று இளவரசி அல்லியையும், நான்கு வயது நிரம்பிய இளவரசர் பரிதியையும் அடியேனுடன் அனுப்பினீர்கள். இக்காரியத்தில் உம் சொல்லே என் சொல் என்று மொழிந்து விரல் மோதிரத்தையும் கழற்றித் தந்தீர்கள். விடைபெறும்போது அரசியார் அடியேனைத் தனியே அழைத்தார். தேவரீர் போருக்கு எழுந்தருளியபோது இளவரசர் தவழும் குழந்தை என்றும், இன்று தந்தை அறைக்குள் வந்தால் தாயின் முந்தானைக்குள் ஒளிகிறார் என்றும், இவ்வுலா முடிவதற்குள் அவர் தந்தையிடம் ஒட்டிக்கொள்ள வேண்டும், அதற்கன்றி வேறு எதற்கும் கடல் தமக்கு வேண்டியதில்லை என்றும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அச்சொல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டே அடியேன் கலம் பார்க்கப் புறப்பட்டேன்.

முதலில் பார்த்தது, அவையோர் அனைவரும் வாயாரப் புகழ்ந்த மகரத்தேர் என்னும் நாவாய். முகப்பில் பொன் பூசிய மீன், பாய் முழுதும் சித்திரம், உள்ளே ஓயாத விருந்து. விருந்து என்று அவர்கள் சொல்கிறார்கள். அடியேன் கண்டது வேறு. செல்வந்தர் வீட்டு ஆடவரும் பெண்டிரும் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு இலையில் மலையாகக் குவித்து, பாதியைக் கிளறிவிட்டுக் கடலில் கொட்டுகிறார்கள். பாயசத்தில் இட்ட அகப்பையே மீன் குழம்பிலும் நீந்துகிறது. ஒரு வணிகர் தம் மகனின் வாயைப் பிடித்துத் திறந்து, கொடுத்த பொன்னுக்குத் தின்றாக வேண்டும் என்று அதிரசத்தைத் திணித்ததைப் பார்த்தேன். கலத்தைத் தொடரும் கடற்காகங்கள் கொழுத்துப் பறக்கமாட்டாமல் நீரில் மிதக்கின்றன. இதை இன்பம் என்று எழுதிப் புகழ்ந்த நம் அவைப்புலவர் அந்த அகப்பையைப் பார்த்திருக்கமாட்டார், அல்லது பார்த்தும் அதிலேயே உண்டிருப்பார்.

அடுத்தது அன்னப்பேடை. அதன் மீகாமன் வாசனைத் தைலம் பூசிய மீசையோடு வந்து, பிள்ளைகளை அழைத்து வருவோர்க்கென்றே அமைந்த கலம் இது என்றான். அடியேன் மகிழ்ந்தேன், அம்மகிழ்ச்சி கீழ்த்தளத்துப் படி இறங்கும் வரை நீடித்தது. அங்கே பிள்ளைக்கூடம் என்றோர் அறை. காற்று இல்லை. பால் புளித்த நாற்றமும் ஈரத்துணி நாற்றமும் மூக்கை அடைத்தன. பிள்ளைகளின் கழுத்தில் விலங்குருவம் செதுக்கிய மரவில்லை ஒன்றைக் கட்டி, அதன் இணையைப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். "ஏறும்போது ஒப்படைச்சா எறங்கும்போது வாங்கிக்கலாம், நடுவுல பிள்ளைங்க தொல்லையே உங்களுக்கு இருக்காதுங்க" என்று அவன் பெருமை பேசினான். மூலையில் இருந்த ஒரு சிறுமியிடம் இளவரசி அல்லி பெயர் கேட்டார். அக்குழந்தை தன் வில்லையைத் தூக்கிக் காட்டி, "நான் ஆமை" என்றாள். பெற்றோர் எங்கே என்று அடியேன் வினவ, மேல்தளத்தில் சதுரங்கம் ஆடுவதாக விடை வந்தது. தேவரீர், அடியேன் போர்க்களத்துப் பிணங்களை எண்ணியவன். அந்த அறையில் வந்த குமட்டல் அங்கே வரவில்லை.

நம் அரண்மனையோரின் மாண்பையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அன்னப்பேடையிலிருந்து சிறு படகில் கரைக்குத் திரும்புகையில், பிள்ளைக்கூடத்தார் வாயடைக்கத் தந்த இனிப்புகளை உண்ட இளவரசர்க்கு வயிறு புரண்டது. உடன் வந்த பணியாளர் எழுவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினர். விசிறி பிடிப்பவன் விசிறியைப் பார்த்தான், வெற்றிலை அடைப்பக்காரன் அடைப்பத்தைப் பார்த்தான். வாந்தி யார் பொறுப்பு என்று அரண்மனை விதியில் இல்லையாம். ஆகவே, தேவரீர் அவையில் அடியேனுக்குப் போர்த்திய செம்பட்டின் மேலேயே இளவரசர் வாந்தி எடுத்தார். ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கி மறுகையால் முதுகைத் தடவினேன். அருவருப்பாக இல்லை என்று பொய் எழுதமாட்டேன், மிகவும் அருவருப்பாக இருந்தது. அதுவரை அடியேனை அமைச்சர் என்றே அழைத்துவந்த பிள்ளை, "தாத்தா, இன்னும் வருது" என்றார். வந்தது. அதன் பின் அடியேன் மடியைவிட்டு இறங்க மறுத்துவிட்டார்.

வாய் கொப்பளிக்க நீர் கேட்டு அருகில் நங்கூரமிட்டிருந்த ஓர் உப்புத்தோணியை அணுகினோம். தீவுதோறும் உப்பும் கருவாடும் கொண்டுபோகும் தோணி அது. கருவாட்டு நாற்றம் முகத்தில் அறைந்தது; அதையும் அடியேன் புகழமாட்டேன். தோணித் தலைவன் கடலாடி எங்களைக் கண்டு மகிழவும் இல்லை. அவன் மனைவி வடிவாள்தான் இளவரசரைத் தூக்கி வாங்கி, நீராகாரம் கொடுத்து, "யாரு வீட்டுப் பிள்ளைய்யா நீ, ஒங்க அப்பா பேரு என்ன?" என்று கேட்டாள். இளவரசர் நிமிர்ந்து நின்று, வேற்காவலர் செய்வதுபோல் நெஞ்சில் கைவைத்து, "கொற்றமோங்குக" என்றார்.

பணியாளர் சிரித்தனர். வேடிக்கை என்று எண்ணி வடிவாள் மீண்டும் கேட்டாள். அதே விடை வந்தது. அப்போதுதான் அடியேனுக்கு விளங்கியது. தேவரீர் அறைக்குள் வரும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து நின்று சொல்வது அச்சொல் ஒன்றே. குழந்தை அதைத் தந்தையின் பெயர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. அப்பா என்று ஒருவர் தனக்கு இருப்பதாக அதற்கு இன்னும் தெரியாது. அடியேன் சிரிக்கவில்லை. அரசியாரின் கண்ணீர் நினைவுக்கு வந்தது.

ஆகவே அடியேன் தேர்ந்தது இவ்வுப்புத்தோணியே. இதில் ஒரே அறை, தரையில் பாய். எழுவர் பணியாளரை ஏற்றமுடியுமா என்று கேட்டதற்கு, "விசிறி புடிக்கிற ஆளுக்கெல்லாம் எடம் இல்லீங்க, வேணும்னா நீங்களே வீசிக்கணும்" என்றான் கடலாடி. அவ்விடையைக் கேட்ட பின்னரே அடியேன் முடிவு செய்தேன். உணவு கஞ்சியும் மீனும். தேவரீருக்குப் பிடிக்காது, அடியேனுக்கும் பிடிக்கவில்லை, இளவரசி இருமுறை வாங்கி உண்டார். அலையில் தோணி ஆடும். இளவரசர் மீண்டும் வாந்தி எடுப்பார். உறுதியாக எடுப்பார்.

இதுவரை எழுதியது அமைச்சன் சொல். இனி வருவது தேவரீர் மோதிரத்தின் சொல். வளர்பிறையில் தேவரீரும் அரசியாரும் முடியும் வாளும் பணியாளரும் இன்றி முரல்பட்டினத்துக்கு வந்து சேர்க. அன்னப்பேடையின் பிள்ளைக்கூடம் இன்றே மூடப்படுக, அக்குழந்தைகள் தத்தம் பெயராலேயே பெற்றோரிடம் சேர்க்கப்படுக. தோணியில் இளவரசர்க்கு வயிறு புரளும்போது வேறு எவரையும் அழையாமல், நெற்றியைத் தாங்கும் கை தேவரீருடையதே ஆகுக. பட்டு உடுத்த வேண்டாம். தாத்தா என்று அடியேன் பெற்ற பெயர் அடியேன் கேளாமல் வந்தது. தேவரீருக்கு உரிய பெயரும் அவ்வழியேதான் வரும்.

ஓலையின் முடிவில் எழுதவேண்டிய வாழ்த்தை அடியேன் எழுதவில்லை. முதலில் எழுதியதும் கை பழக்கத்தால் வந்த பிழை, பொறுத்தருள்க. அத்தோணியில் எவரும் அச்சொல்லைச் சொல்லக்கூடாது என்பதும் மோதிரத்தின் ஆணை. அது ஒரு குழந்தைக்கு ஒருவரின் பெயராக இருக்கிறது; குழந்தை அவருக்கு வேறு பெயர் வைத்த பிறகு மீண்டும் எழுதிக்கொள்கிறேன்.

இவ்வாறு அறிவது. அரச மோதிரத்தால் முத்திரை இட்டேன். செம்பட்டைத் துவைக்கப் போட்டிருக்கிறேன், கறை போகவில்லை.