ஆறே முக்கால் ரூபாய் வீட்டு வரி

கீழத்தெரு,
திருவரங்குளம் வழி,
11-3-1963.

அன்பு மகன் நாகராசுவுக்கு, சித்தப்பா அடைக்கலம் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறோம், அங்கே டில்லிக் குளிரில் நீயும் மருமகளும் பேரனும் சுகமாய் இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. இனி நான் எழுதப்போவதை எவனும் நம்பமாட்டான், நீயும் நம்பமாட்டாய், எழுதுகிற எனக்கே பாதியில் சந்தேகம் வந்துவிடும், இதைக் குலதெய்வத்தின் மேல் சத்தியமாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். கோபத்தில் அழுத்தி எழுதியதில் இரண்டு நிப்பு உடைந்துவிட்டது, அந்தச் செலவும் உன் தலையில்தான்.

போன மாதம் நீ எழுதிய கடிதத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் என்ற முறையில் ஊர்க்கூட்டத்தில் உரக்க வாசித்தேன். வீட்டுச் செலவு வேறு, சர்க்கார் செலவு வேறு, சர்க்கார் வரவுக்கு மேலும் செலவு செய்து பற்றாக்குறை பட்ஜெட் போடலாம், ஜனங்களிடமே கடன் பத்திரம் விற்று அணை கட்டலாம், அணை விளைச்சலைக் கொடுக்கும், விளைச்சல் வரியைக் கொடுக்கும், வரி கடனைத் தீர்க்கும், தின்று தீர்க்க வாங்கிய கடன்தான் கழுத்தை நெரிக்கும் என்று கணக்கு ஆபீஸ் உத்தியோகஸ்தன் அழகாகத்தான் எழுதியிருந்தாய். ஜனங்கள் தட்டிய கைதட்டலில் கறம்பக்குடிச் சந்தையில் நின்ற மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு கடல் வரை ஓடின. எனக்கும் தலை கிறுகிறுத்துவிட்டது. கீழத்தெருக் கிணறு தை மாதமே வற்றிவிட்டது, ஆழப்படுத்திக் கல் கட்ட ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று ஓவர்சியர் எஸ்டிமேட் போட்டிருக்கிறார், பஞ்சாயத்துப் பெட்டியில் தெருவிளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்குகிற காசைத் தவிர ஒன்றும் கிடையாது. நாமும் பற்றாக்குறை பட்ஜெட் போட்டுவிடுவோம் என்று, உன் அப்பாவின் பழைய சைக்கிளாகிய நாலு குதிரை ரதத்தில் ஏறித் திருவரங்குளம் யூனியன் ஆபீசுக்குப் படையெடுத்தேன்.

கண்மாய் அகலத்துக்கு ஒரு மேஜை, அதற்கு அக்கரையில் பி.டி.ஓ. எங்கள் ஊருக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் பற்றாக்குறை என்று பிரகடனம் செய்தேன். மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நோட்டடிக்கிற மிஷின் ஒங்க ஊர்ல இருக்குங்களா? இருந்தா போட்டுக்கங்க" என்றார். பஞ்சாயத்து கைக்கு வந்ததைத்தான் செலவழிக்க முடியுமாம். கடனாவது கொடுங்கள் என்றேன், வரியே வசூலாகாத ஊருக்கு எதை நம்பிக் கொடுப்பது என்று கேட்டார். பிறகு பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். நாம் வசூலிக்கிற ஒவ்வொரு ரூபாய் வீட்டு வரிக்கும் சர்க்கார் தன் பங்காக ஒரு ரூபாய் போடுகிறது, ஆனால் மார்ச் முப்பத்தொன்றுக்குள் வந்து சேர்ந்ததற்குத்தான். நம் ஊரில் மூன்று வருஷ பாக்கி எழுநூறு ரூபாய் நிற்கிறது. நான் ஜெயித்தால் வரி என்று எவனும் உங்கள் வாசலை மிதிக்கமாட்டான் என்று எலெக்ஷனில் தொண்டை கிழியக் கத்தி ஒன்பது ஓட்டில் ஜெயித்தவன் யார், நான்தான். வீட்டுக்கு ஒரு ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்ததாக நினைத்து இரண்டிரண்டு ரூபாயாகக் கிணற்றில் போட்டிருக்கிறேன், அந்தக் கிணற்றிலும் தண்ணீர் இல்லை.

தண்டோரா போட்டு வசூலுக்கு உட்கார்ந்தேன். மேலவீட்டு ராக்கன் வைக்கோல்போருக்குள் ஒன்பது நாள் ஒளிந்திருந்ததில் அவன் தாடியில் குருவி கூடு கட்டி மூன்று முட்டை இட்டுவிட்டது. கூலிக்கு நாற்று நடுகிற பிச்சையம்மாள் ஒருத்திதான் முதலில் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒன்றரை ரூபாயை வைத்துவிட்டு நகராமல் நின்று, "தலைவரே, ஒங்க வீட்டு ரசீதையும் காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்" என்றாள். என்னிடம் ரசீது ஏது. கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் எரிகிறது. அங்கேயே கட்டினேன், அதைப் பார்த்த பிறகு ராக்கனும் முட்டைகளோடு வந்து கட்டினான், ஒவ்வொருவராக வந்தார்கள். இன்றுவரை ஐந்நூற்றுத் தொண்ணூற்று நாலு ரூபாய். அறுநூறு ஆகிவிட்டால் சர்க்கார் அறுநூறு போடும், கிணறு முடிந்துவிடும். மிச்ச பாக்கிக்காரர்கள் சிலோனிலும் மலாயாவிலும் இருக்கிறார்கள், விலாசம் இல்லை. விலாசம் தெரிந்த பாக்கிக்காரன் நீ ஒருவன்தானடா. உன் அப்பா போனபின் வீடு உன் பெயரில், வருஷம் இரண்டேகால், மூன்று வருஷத்துக்கு ஆறே முக்கால். கேட்டதற்கு, டில்லியில் சம்பளத்திலேயே வருமான வரி பிடிக்கிறார்கள், இது வேறயா என்று எழுதினாய். அது பட்டாளத்துக்கும் அணைக்கும் போகிறது, நியாயம், பிடிக்கட்டும். கீழத்தெருக் கிணற்றில் மண் அள்ள டில்லியிலிருந்து எவன் வருவான். தேசத்தின் கடனுக்கெல்லாம் வழி சொல்லத் தெரிந்தவனுக்குத் தன் வீட்டு வரி தெரியாதா. நானே உன் பெயரில் கட்டிவிடலாம், பிறகு பிச்சையம்மாள் முகத்தில் எப்படி விழிப்பேன். இதற்கிடையில் உன் ஆத்தா கண்மாய் ஊற்றுக்கு அரை மைல் நடந்து தண்ணீர் சுமக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை கரையில் வழுக்கி விழுந்ததில் குடம் உருண்டு உருண்டு அரிமளம் போய், அங்கே ஒரு கல்யாண வீட்டுச் சீர்வரிசையில் ஏறிக்கொண்டது, அதைத் தேடிப்போன நான் இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மருமகளும் பேரனும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும், உனக்கு உத்தியோக உயர்வும் அதைவிட முக்கியமாகப் புத்தியும் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மணியார்டர் வந்து சேர ஒரு வாரமாகும், முப்பத்தொன்றாம் தேதியை மறக்காதே. ரூபாய்க் கணக்கில் விளையாட எனக்கு அதிகாரமில்லை, மற்றபடி மாடு ஓடவில்லை, தாடியில் முட்டை இல்லை, குடம் கரையிலேயே நசுங்கிக் கிடந்தது. ஆனால் உன் ஆத்தா விழுந்தது மட்டும் நிஜம். வலது மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறது. உனக்கு எழுத வேண்டாம் என்றாள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
அடைக்கலம்.