ஸ்டூல் கேட்டோம், கால் மெஷின் வந்தது

அம்மாவுக்கு அன்புக்கரசி வணங்கி எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். போனில் பேசினால் என் குரலை வைத்தே பயந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறோம் என்று உனக்குத் தெரியும். கூட்டமில்லாத நேரத்திலாவது உட்கார ஸ்டூல் கேட்டோம். முதலாளி கால் மெஷின் ஒன்று வாங்கி வைத்தார். வெறுங்காலை அதன்மேல் வைத்தால் மெல்லிய கரண்ட் பாய்ந்து தசை தானாகத் துடிக்கும், வலி போய்விடுமாம். வேலையாட்களை நன்றாகக் கவனிக்கிறோம் என்று கடை விளம்பரத்தில் காட்டப் போட்டோ எடுக்க, என்னோடு வேலை பார்க்கும் புஷ்பத்தைக் கூப்பிட்டார்கள். அவள் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது என்று பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறது. அதைக் காட்டினேன்.

"ஒரு நிமிசம் கால வெச்சா இன்னா ஆயிடப் போவுது?" என்றார் சூப்பர்வைசர் தனபாலன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். "உங்க வீட்டுப் பிள்ளைன்னா வைக்கச் சொல்லுவியளா?" என்று கேட்டேன். புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "முதல்ல அந்தப் பொண்ண உக்கார வைங்கப்பா" என்று சத்தம் போட்டார்.

இப்போது புஷ்பத்துக்கு மட்டும் ஸ்டூல் வந்திருக்கிறது. என்னைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். கவலைப்படாதே, இங்கே பண்டல்மேல் உட்காரலாம். பேச்சுத்துணைதான் இல்லை.

அண்ணன் இங்கே வந்தால் அவனிடம் கருப்பட்டி கொடுத்துவிடு. நீ கட்டிய சேலை ஒன்றும் வை, போர்த்திக்கொள்ள. துவைக்க வேண்டாம்.

சரக்கு லாரி வந்துவிட்டது, போகிறேன். எனக்கு உட்கார இடம் கிடைத்ததென்று நிம்மதியாகிவிடாதே அம்மா. மேலே கடையில் மற்ற பெண்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

உன் மகள்,
அன்புக்கரசி