நான்கு விரல் மடிப்பு

பிப்ரவரி 4, செவ்வாய்

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி. எங்கள் வீட்டில் கணக்கு நோட்டை யாரும் ஆசைப்பட்டுத் திறக்க மாட்டார்கள்.

இன்று பள்ளி விட்டு வந்ததும் அம்மா என்னைத் தன் தையல் கடையில் ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்தினாள். யாரோ வாடிக்கையாளரின் மகளாம். அச்சு அசல் என் உயரமாம். அளவு கொடுக்க வர முடியவில்லையாம். பச்சையும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஸ்கர்ட்.

"ஆடாம நில்லுடி. குத்திடும்."

வாயில் நான்கு குண்டூசியைக் கடித்துக்கொண்டே அம்மாவால் திட்ட முடியும். அக்கா மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக என்னைப் பார்த்து, "கொடிக்கம்பத்துக்கு யூனிஃபார்மா?" என்பாள். இன்று தலையே நிமிரவில்லை.

கடை கீழே, வீடு மூன்றாவது மாடியில். இரண்டும் ஒரே வீட்டுக்காரருடையது. நடுவில் படிக்கட்டு. அதை எழுதத்தான் இந்த நோட்டு.

வீட்டுக்காரரின் தம்பிக்கு நான் வைத்த பெயர் சாவிக்கொத்து. விரலில் சாவிகளைச் சுழற்றிக்கொண்டே இருப்பான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பல்பு எரிவதில்லை. அங்கே, கைப்பிடியில் கையை நீட்டி வழியை மறித்துக்கொண்டு நிற்பான். "என்ன அவசரம்? ஒரு பாட்டுப் பாடிட்டுப் போ." போன மாதம் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே யாரோ கதவைத் திறந்தார்கள். உடனே விட்டுவிட்டு விசிலடித்தபடி இறங்கிப் போனான்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அம்மாவுக்குத் தெரிந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் கடை போகும், எல்லாம் என்னால் என்று ஆகும். அக்கா என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். "செத்தாலும் சொல்ல மாட்டேன்."

கதவைத் தட்டுகிறாள். போதும்.

பிப்ரவரி 5, புதன்

சாவிச் சத்தம் கேட்டது. திரும்பி இறங்கி, மேலே போகிற ஆள் யாராவது வரும்வரை கடையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒன்றே கால் மணி நேரம்.

பிப்ரவரி 6, வியாழன்

அதிசயம்! அப்பா அச்சகத்தில் லீவு கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையிலும் நகக்கண்ணில் மையோடு இருக்கிற அப்பா.

"சனி ஞாயிறு சித்தி வீட்டுக்குப் போறோம். பார்க்கு, குளம், சைக்கிளு... சும்மா ஜாலியா."

அக்கா வரவில்லை. பரீட்சைக்குப் படிக்க வேண்டுமாம். "நீ போய்ட்டு வாடி" என்றாள். குரல் என்னவோ போல இருந்தது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

என் நீல ஸ்கர்ட்டை எடுத்து வைத்தேன். அதன் அடியில் வெளுத்த கோடுகள் இரண்டு. அம்மா இரண்டு முறை மடிப்பைப் பிரித்து நீளம் இறக்கிய தடம். வாடிக்கையாளர் துணி என்றால் உள்மடிப்பு இரண்டு விரல்தான், அதற்கு மேல் ஒரு நூல் விட மாட்டாள். எனக்கும் அக்காவுக்கும் மட்டும் நான்கு விரல். "வளர்ற பிள்ளைங்க. இறக்கி இறக்கிப் போட்டுக்கலாம்."

இரண்டு நாள் படிக்கட்டு இல்லை. இரண்டு முழு நாள்!

பிப்ரவரி 7, வெள்ளி

ரயில் பாதை முடிகிற சின்ன ஊர். இங்கே எல்லாமே மெதுவாக நடக்கிறது, நாய்கூட யோசித்துத்தான் குரைக்கிறது.

சித்தப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மற்றவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போட்டுப் பழகிய கால். சாப்பாட்டு மேஜையில் யாராவது வேகமாகப் பேசினால்கூட வலது கால் தரையை அழுத்தும். சித்தி கணக்கு டீச்சர். பெரியவர்கள் சொன்னால்கூட "எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்பாள்.

வீட்டில் மாடி இல்லை. ஒரு படிகூட இல்லை. ஜன்னல் வழியாக வாசல் விளக்கு வெளிச்சம் கட்டில்வரை வருகிறது. எழுதலாம்.

பிப்ரவரி 8, சனி

முதலில் நல்லதை எழுதிவிடுகிறேன். அப்புறம் எழுத முடியாமல் போகலாம்.

காலையில் சித்தப்பாவும் நானும் வாடகைச் சைக்கிளில் குளத்தைச் சுற்றி மூன்று சுற்று. அவர் எனக்குப் பின்னால், "மிர்ரர் பாரு, மிர்ரர் பாரு" என்று கத்திக்கொண்டே வந்தார். சைக்கிளில் ஏது கண்ணாடி! புல்லில் பாய் விரித்து ரொட்டி, முட்டை, ஆரஞ்சு. வாத்துகள் வரிசையாக வந்து எங்கள் பாயைப் பார்வையிட்டுப் போயின. அப்பா முகத்தில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு தூங்கினார். அவர் மூச்சுக்குச் செய்தித்தாள் ஏறி இறங்கியது. அம்மா சித்தியின் தோளில் சாய்ந்து, கண்ணில் நீர் வருமளவு சிரித்தாள். கடையில் அம்மா அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

நானும் சித்தியும் பூப்பந்து விளையாடியபோது பந்து மரக்கிளையில் மாட்டிக்கொண்டது. நான் குதித்தேன், சித்தப்பா செருப்பை வீசினார். கடைசியில் செருப்பும் மாட்டிக்கொண்டது. அப்பா எழுந்து வந்து, கையை மட்டும் உயர்த்தி, இரண்டையும் எடுத்துத் தந்தார். எக்கக்கூட இல்லை. எவ்வளவு உயரம் என் அப்பா! இவரிடமே சொல்லிவிடலாமா என்று அந்த நிமிஷம் தோன்றியது. இவருக்கு முன்னால் சாவிக்கொத்து எம்மாத்திரம்?

அப்போதுதான் பக்கத்து மைதானத்தில் பெண்கள் ஓடிவந்தார்கள். ஏதோ பள்ளியின் பந்தயப் பயிற்சி.

பச்சையும் வெள்ளையும். கட்டம்.

"அம்மா, அந்த ஸ்கர்ட்டு..."

அம்மா ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தாள். "ஆமா, அந்தப் பொண்ணு இந்த ஸ்கூல்தான் போல." தோல் முழுதும் உரிந்த பிறகும் விரல் உரித்துக்கொண்டிருந்தது.

இங்கிருந்து யார் அவ்வளவு தூரம் போய்த் தைக்கக் கொடுப்பார்கள்?

மாலையில் அவர்கள் தின்பண்டம் வாங்கப் போனபோது அம்மாவின் பையைத் திறந்தேன். அடியில், காகிதத்தில் சுற்றி, இஸ்திரி போட்டு, அதே கட்டத்தில் இரண்டு ஸ்கர்ட். அடிமடிப்பைத் திருப்பி விரலை வைத்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் ஸ்கர்ட்டை அப்பா முன்னால் போட்டேன். "இது யாருக்கு?"

அப்பா நகத்தைப் பார்த்தார். "நல்ல ஊரும்மா. காத்தோட்டமா இருக்கு. பள்ளிக்கூடமும் பக்கம். நாளைலேர்ந்து..."

"அக்கா சொன்னாளா?"

அம்மா ஸ்கர்ட்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அப்படியென்றால் சொல்லிவிட்டாள்.

"அவன்கிட்ட கேட்டீங்களாப்பா?"

"கேட்டா பெரிசாயிடும்மா. நமக்குத்தான் அசிங்கம்."

நமக்கா? எனக்கு என்ன அசிங்கம்? நான் படிக்கட்டில் ஏறினேன், அவ்வளவுதானே?

அம்மா அழுதாள். "கடை அவங்க இடம்டி. இருபது வருஷத்து வாடிக்கை. விட்டுட்டு எங்க போறது?"

சித்தி பால் வாங்கிக்கொண்டு வந்தாள். உடனே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரிஞ்சு இருக்கணுமேன்னு பிடிவாதம் பண்றா" என்றாள். சித்தியிடம் அவர்கள் சொல்லியிருப்பது வேறு. எனக்குக் கணக்கு வரவில்லையாம். சித்தி பக்கத்தில் இருந்தால் தேறுவேனாம். போன பரீட்சையில் நான் தொண்ணூற்றொன்று.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், சித்தி கையிலிருந்த பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

குளம், வாத்து, சைக்கிள், சிரிப்பு எல்லாம் இதற்காகவா? ஊசி போடுகிற கையைப் பிள்ளை பார்க்காமலிருக்கப் பொம்மை காட்டுவார்களே, அப்படியா? அம்மா சிரித்ததுகூடவா?

போகும்போது அப்பா என் தலையைத் தடவினார். நான் நகர்ந்துகொண்டேன்.

அக்கா போன் செய்தாள். "உன் நல்லதுக்குத்தான்டி. எனக்கு ராத்திரி தூக்கமே வரல, பயமா..." வைத்துவிட்டேன்.

நன்றாக இரு. இனி அந்தப் படிக்கட்டில் நீயே ஏறு, நீயே இறங்கு. சாவிச் சத்தம் உனக்கும் கேட்கட்டும்.

எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

புதுப் பள்ளி. வருஷ நடுவில் ஏன் வந்தாய் என்று ஏழு பேர் கேட்டார்கள். கணக்கு வரவில்லை என்றேன். ஸ்கர்ட் கச்சிதமாக இருக்கிறது. அம்மா அளவில் தப்பே செய்ய மாட்டாள்.

பிப்ரவரி 12, புதன்

சித்தி இரண்டு நாளாக எனக்குக் கணக்குப் போடக் கொடுக்கிறாள். எல்லாம் சரியாகவே வருகிறது. வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகப் போட்டேன். கண்டுபிடித்துவிட்டாள்.

"இது தெரியாம போட்ட தப்பு இல்லையே. எங்க, உன் பழைய நோட்டைக் காட்டு. எங்க சறுக்குதுன்னு பார்ப்போம்."

இந்த நோட்டு! உலகத்திலேயே கணக்கு நோட்டை ஆசைப்பட்டுத் திறக்கிற ஒரே வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்னை.

"அங்கயே விட்டுட்டேன் சித்தி."

"அப்படியா?" என்றாள். சித்தப்பாவின் கால் தரையை அழுத்தியது.

பிப்ரவரி 14, வெள்ளி

பள்ளி விட்டு வந்தேன். மெத்தைக்கு அடியில் ஒளித்திருந்த நோட்டு, மேஜை மேல் சதுரமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தின் அடியில் சிவப்பு மை. வீட்டுப்பாடத்துக்குப் போடுவது போலவே, "பார்த்தேன்", கீழே சுழித்த ஒரு கையெழுத்து, தேதி.

பழக்கத்தில் சித்தியின் கை போட்டுவிட்டதா? எனக்குத் தெரியட்டும் என்று போட்டாளா?

இவளும் கேட்காமல் எடுத்தாள். யாரைத்தான் நம்புவது? கோபப்படப் பார்க்கிறேன். கோபம் வரவில்லை. இரவு சாப்பிடும்போது சித்தி என் தட்டில் இன்னொரு முட்டை வைத்தாள்.

பிப்ரவரி 15, சனி

விடிவதற்குள் சித்தி ரயிலேறிவிட்டாள். "எங்க போனாங்க?" என்றால் சித்தப்பா, "ரிவர்ஸ் எடுக்கப் போயிருக்கா" என்கிறார்.

மாலை ஏழு மணி. வாசலில் சித்தி. பின்னால் பையோடு அக்கா. முகம் வற்றிப்போயிருந்தது. நான் கட்டிலுக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அதே குளம், அதே பாய். வாத்துகள் வந்து பார்வையிட்டுப் போயின. சித்தி எங்களைத் தனியே விட்டுவிட்டுச் சித்தப்பாவோடு நடக்கப் போனாள்.

புல்லைப் பிய்த்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "நீ போன மறுநாளே... அவன் என் பையைப் பிடிச்சான்டி."

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் ஞாபகம் வந்தது. என் கை எழுதிய வரி.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஸ்டூல் மேல ஏறி நிக்கச் சொன்னாங்க."

இரண்டு பேரும் வாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா முதலில் சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. நானும் அதையே செய்தேன்.

சித்தி அங்கே போய் என்ன செய்தாள் என்று அக்கா சொன்னாள். அப்பாவிடம் இரண்டு கேள்வி கேட்டாளாம், அப்பா நகத்தைப் பார்த்தாராம். பிறகு தெருமுனைக்குப் போய் ஒரு பல்பு வாங்கிவந்து, அம்மாவின் கடை ஸ்டூலை இரண்டாவது மாடிவரை தூக்கிக்கொண்டுபோய், அதில் ஏறி மாட்டினாளாம். சாவிக்கொத்து வந்து நின்றானாம். சித்தி இறங்காமலே, வகுப்பறைக் குரலில், "என்ன வேணும்?" என்றாளாம். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டானாம். டீச்சராம்!

ஒரு பல்பு. ஒரு கேள்வி. அவ்வளவுக்கே ஒருநாளாவது வழியை விட்டிருக்கிறான்.

"கடைக்கு வேற இடம் பாருங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பார்ப்பாங்களான்னு தெரியல" என்றாள் சித்தி, திரும்பி வந்து பாயை மடிக்கும்போது. "என்ன இருந்தாலும் உன்னைக் கேக்காம உன் நோட்டைத் திறந்தது தப்பு."

எனக்குத் தெரிந்து இதில் தப்பு என்று ஒத்துக்கொண்டது அவள் ஒருத்திதான்.

அக்காவின் பையில் பச்சைக் கட்ட ஸ்கர்ட் இருந்தது. சித்தி போய் நின்றபோது பாதி தைத்திருந்ததாம். மடிப்பில் இன்னும் குண்டூசி. அளந்து பார்த்தேன். நான்கு விரல். அக்காவுக்கு வளர்த்தி நின்று ஒரு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கா தெரியாது? ஒரு நூலை வீணாக்காதவள், யாருக்காக இவ்வளவு துணியை உள்ளே மடித்து வைத்தாள்?

நாளை அவளும் பள்ளிக்குப் போக வேண்டும். நானே உட்கார்ந்து மடிப்பைத் தைத்து முடித்தேன். நான்கு விரலையும் அப்படியே விட்டு.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அந்தப் பல்பை மாட்டச் சித்திக்கு ஸ்டூல் தேவைப்பட்டது. அப்பாவுக்குத் தேவையில்லை. கை எட்டும்.

அக்கா சுவர்ப் பக்கம் படுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். என் இடத்தைக் கொடுத்துவிட்டேன்.