கொப்பி மாறின நாள்

செவ்வாய், ராவு இஷாத் தொழுகைக்குப் பிறகு

வாப்பாவைக் காட்டிக் குடுத்திட்டன். விஷயம் பொலிஸுக்குப் போனா என்ன செய்யிற?

அதிகம் பேருக்கு நன்மை தாறதுதான் சரியான செயல் எண்டு டீச்சர் படிப்பிச்சா. அதை வச்சு உங்கட வாழ்க்கையில நடந்த ஒண்டை யோசிச்சு எழுதுங்க எண்டா. டீச்சர் மட்டும்தான் வாசிப்பா எண்டு நெனச்சு, போன மாரி வெள்ளத்தை எழுதினன். வயலெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்க, வாப்பாவும் நாலு பேரும் யாரிட்டயும் அனுமதி கேக்காம, சுபஹுத் தொழுகைக்கு முந்தி, முகத்துவாரத்தை அடைச்சுக் கிடந்த மணலை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விட்டாங்க. எத்தனையோ பேர்ட வேளாண்மை தப்பினது. ஒரேயொரு தோணிதான் இழுபட்டுப் போனது. அதனால செஞ்சது சரி எண்டு எழுதி முடிச்சன்.

இண்டைக்கு டீச்சர், "பக்கத்தில இருக்கிறவங்கட கொப்பியை வீட்ட கொண்டுபோய் வாசிச்சு, கருத்து எழுதிட்டு வாங்க" எண்டா. என்ட பக்கத்தில இருக்கிறது சிபானா. அந்தத் தோணி அவள்ட வாப்பாட. வெட்டினது யாரெண்டு இதுவரைக்கும் அவங்களுக்குத் தெரியாது.

"இஞ்ச தாடி" எண்டு சிரிச்சிட்டு எடுத்தாள். நானும் அவள்டதை வாங்கி பேக்குக்குள்ள வச்சன்.

அவள்ட கொப்பியை இப்பதான் திறந்தன். அவளும் அந்த விடியலைத்தான் எழுதியிருக்காள். "வெட்டினவங்களோட கோபமில்ல. வெட்ட முந்தி ஒரு ஆள் வந்து கதவைத் தட்டியிருந்தா, வாப்பா தோணியைக் கரையில ஏத்தியிருப்பார்."

அவள்ட வீடு அடுத்த ஒழுங்கைதான். அண்டைக்கு வாப்பா மண்வெட்டியோட வெளிக்கிடக்குள்ள நான் முழிச்சுத்தான் கிடந்தன். எங்க போறார் எண்டும் தெரியும்.

அதை மட்டும் கொப்பியில எழுதல்ல.