லைனை நிறுத்தும் கேள்வி

ஜூலை 14, திங்கள்
வெக்கை. ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள், பஸ் நகரவில்லை. வல்லம் வடகாலில் இருக்கும் கம்பெனிப் பெண்கள் ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்வதற்குள் தலைவலி.

முதல் ஷிப்ட் முடிந்து வந்த பெண்களுக்கு, சாப்பாட்டு அறையில் நான் எடுக்கும் இங்கிலீஷ் வகுப்பு. "டவுட் இருக்கா?" இல்லை என்று எல்லாத் தலையும் ஆடியது. வெளியே டீக்கடையில் பார்த்தால் அதே பாடத்தை ஒருத்திக்கொருத்தி கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். எரிச்சல். என்னைப் பார்த்தால் பூச்சாண்டி மாதிரியா இருக்கிறது?

இசக்கிக்கு (தென்காசிப் பக்கம்) வியாழன் இன்டர்வியூ. குவாலிட்டி செக்‌ஷன், பர்மனென்ட். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் காலி. ஊரில் மாப்பிள்ளை தயார். "எனக்கு இங்கனயே இருக்கணும், மிஸ்."

வாங்க: சோப், கறுப்பு மார்க்கர், கறிவேப்பிலை.

15, செவ்வாய்
மேகம் மட்டும், மழை இல்லை. வகுப்பில் பென்னலூர்க்காரி செல்வியிடம் நேராகவே கேட்டேன், ஏன் வாயைத் திறப்பதில்லை என்று.

"இன்னா மிஸ், கம்பெனில கைய தூக்குனா பார்ட் ஓடுற லைனே நின்னுடும். யாரால நின்னுச்சுன்னு மீட்டிங்ல பேரு சொல்வாங்க. அதான் பக்கத்துல கீறவகிட்ட கேப்போம். அவளுக்குத் தெரிலன்னா அடுத்தவ. அப்டியே போவும்."

அட. என் முதுகுக்குப் பின்னால் நடந்த குசுகுசு இதுதானா. அதைப் போய் அதட்டிக்கொண்டிருந்தேனே.

16, புதன்
தூறல். அவர்கள் வழிக்கே போனேன். கேள்வியைப் பக்கத்தில் சொல். அவளுக்கும் தெரியாவிட்டால் அடுத்தவளுக்கு. கடைசி நாற்காலிக்கு வந்து சேர்வது எனக்கு. யாருடையது என்று கேட்க மாட்டேன்.

கொட்டித் தீர்த்துவிட்டார்கள்.
— ஹவ் ஆர் யூ என்று கேட்டுவிட்டு ஏன் நிற்காமல் போகிறார்கள்?
— வெளிநாட்டு ஆளுக்கு 'ப்ளீஸ் கம்'. எங்களுக்கு ஏன் வெறும் 'கம்'?
— சூப்பர்வைசர் செய்த தப்புக்கு நாங்கள் ஏன் சாரி?

சிரித்துச் சிரித்து வயிற்றுவலி.

பஸ் ஏறியபின்தான் உறைத்தது. இன்டர்வியூவில் இசக்கிக்குப் பக்கத்து நாற்காலி கிடையாது. ஏதாவது கேட்கணுமா என்பார்கள்; நோ சார் என்று எழுந்து வந்துவிடுவாள். போன் போட்டேன்: "ஒண்ணாவது கேளும்மா." "பாப்போம், மிஸ்."

17, வியாழன்
கேட்டுவிட்டாள்!

"பார்ட்ல குறை கண்டா லைன நிறுத்த எனக்குப் பவர் உண்டுமான்னு கேட்டேன், மிஸ். இங்கிலீஷ்லதான். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாவ."

பதில்?

"போயிட்டு வா, சொல்லி அனுப்புதோம்னாவ."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோருக்கும் குச்சி ஐஸ்.

18, வெள்ளி
மறுபடி வெக்கை. இசக்கியை எடுக்கவில்லையாம். வகுப்பிலும் ஆளைக் காணோம்.

"ஏன் எடுக்கலன்னு கேக்கறதுக்கு எச்.ஆர். ஆபீஸாண்ட போய்க்கீறா, மிஸ்," என்றாள் செல்வி. "நாங்களும் வரோம்னோம். வாணாம்னுட்டா."

நேற்றுக் கேட்ட அந்தக் கேள்விதான் வேலையைக் கெடுத்ததோ? கேள், கேள் என்று நச்சரித்தது நான். பாடம் ஓடவில்லை. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டு.

வந்தாள். அழுத முகம்.

"காரணம் சொன்னாங்களா?"

"நாளைக்கு வரச் சொல்லுதாவ, மிஸ்." தண்ணீர் குடித்தாள். "போவேன்."