மூடாத குவியல்கள்

மரக்காணம்
10.07.2005

அன்புள்ள ராஜவேல் அவர்களுக்கு,

இங்கே நலம். உங்கள் இருமல் குறைந்ததா? ஆறு வருடமாக ஆளுக்கோர் ஊரில் இருந்தாலும், மனைவியாகக் கேட்கும் பழக்கம் போகவில்லை.

மனிதர்கள் ஓவியத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற என் ஆய்வுக்கு, உப்புக் குவியல்களை வரைந்த உங்கள் 'நிம்மதி' படத்தை எடுத்துக்கொண்டேன். முதலில் எங்கள் கல்லூரியில், தலைப்பும் உங்கள் பெயரும் எழுதிய சீட்டோடு மாட்டினேன். ஆசிரியர்கள் சீட்டைப் படித்தார்கள், படத்தை ஏறிட்டார்கள், "அருமை" என்றார்கள். சராசரி இருபது விநாடி.

பிறகு இங்கே, உப்பளத்துக்காரர்கள் சோறு தின்னும் கொட்டகையில் சீட்டில்லாமல் மாட்டினேன். அங்கே உப்பு வாரும் ராசம்மாள் பதினோரு நிமிடம் நின்றாள்.

"யாரும்மா இந்த அளத்துக்காரன்? மழை கருத்துக்கினு வருது, ஒரு குவியல் மேலகூட ஓலை போடல. தூங்கிட்டானா?"

"பொண்டாட்டி கோச்சுக்கினு போயிருப்பா" என்றார் அவளோடு வேலை செய்யும் பெரியவர் பாவாடை.

எல்லாரும் சிரித்தார்கள். ராசம்மாள் சிரிக்கவில்லை.

செந்தமிழ்

சென்னை
18.07.2005

அன்புள்ள செந்தமிழ்,

இருமல் அப்படியேதான். பாவாடையை விசாரித்ததாகச் சொல்.

கருமேகத்தின் கீழே அந்த வெள்ளை, அதுதான் படம். அவர்கள் பார்த்தது உப்பை, படத்தையல்ல. இதை உன் ஆய்வில் எழுதாதே. செப்டம்பரில் எனக்குக் கண்காட்சி. படத்தை அனுப்பு, நாலு ஓலை வரைந்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. உன் அப்பாவும் அளம் வைத்திருந்தவர். கல்யாணத்துக்கு உனக்கென்று வரைந்த இந்தப் படத்தை முதலில் பார்த்தவளும் நீ. "அழகாக இருக்கிறது" என்றாய். ஓலை இல்லை என்று அன்றே ஏன் சொல்லவில்லை?

மீறி எழுதினால், இனி எனக்குக் கடிதம் போடாதே.

ராஜவேல்

மரக்காணம்
24.07.2005

அன்புள்ள ராஜவேல் அவர்களுக்கு,

உங்கள் கேள்வியோடு மூன்று நாள் இருந்தேன். அவர்களுக்கெல்லாம் நேரம் பார்த்த அதே கைக்கடிகாரத்துடன் படத்தின் முன்னால் நானும் நின்றேன்.

ஐப்பசியில் வானம் இருண்டால் அப்பா சோற்றுக் கையோடு அளத்துக்கு ஓடுவார். அவர் மகளான எனக்கு, ராசம்மாள் சொல்லும்வரை, ஓலை இல்லாதது தெரியவில்லை. படத்தைக் கொடுத்த அன்று நீங்கள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்து "அழகு" என்றேன். அதற்குப் பிறகு வந்த படங்களுக்கும் அப்படித்தான். சீட்டைப் படித்துவிட்டு நகர்ந்தவர்களில் முதல் ஆள் நான். ஆய்வில் என்னையும் சேர்க்கிறேன்.

ஆகவே எழுதுவேன். படத்தை அனுப்பமாட்டேன், அது என்னுடையது. ஓலை வரையவும் விடமாட்டேன். மூடாமல் கிடந்ததால்தான் அவளால் நகர முடியவில்லை. உங்கள் படத்தின் முன் அப்படி வேறு யாரும் நின்று நான் கண்டதில்லை.

மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

செந்தமிழ்

மரக்காணம்
30.10.2005

அன்புள்ள ராஜவேல் அவர்களுக்கு,

கடிதம் வேண்டாம் என்றீர்கள். கட்டுரை அச்சாகிவிட்டது, ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. ஒரு செய்தி உங்களுக்குச் சேர வேண்டும்.

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. அளத்துக் குவியல்களை எல்லாம் மூடிவிட்டு, நனைந்தபடி கொட்டகைக்கு வந்த ராசம்மாள், மிச்சமிருந்த ஓர் ஓலையை உங்கள் படத்தின் மேல் சாத்திக் கட்டினாள்.

"இதுக்கு எதுக்கு ராசம்மா?" என்றேன்.

"இருக்கட்டும்மா. தெனம் பாத்துக்கினு எப்டி சும்மா இருக்கறது?"

நான் அவிழ்க்கவில்லை. தையில் அளத்து வேலை தொடங்கும் அன்று அவளே அவிழ்ப்பாளாம். வருவதானால் அன்று வாருங்கள். பெயரைச் சொல்லாமல் அவர்களோடு நில்லுங்கள். நானும் நிற்பேன், உங்கள் முகத்தைப் பார்க்காமல்.

செந்தமிழ்