அப்பாவின் தோளும் அம்மா அடித்த பெயின்டும்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே என் வலது தோளைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். அங்கே நீ ஆடி ஆடித் தேயாமல் மிச்சம் இருப்பாய் என்று நம்புகிறேன். (அக்கா, எழுதுவது நான்தான், உன் தம்பி. தோளை அசைக்காமல் எழுத முடியாதாம், அவர் சொல்கிறார். அடைப்புக்குறிக்குள் வருவது என் சொந்தச் சரக்கு, அவருக்குத் தெரியாது.)

ஆட்டம் போடாமல் படி என்றுதான் உன்னை வளர்த்தேன், நீ ஆட்டத்தையே படிப்பாக்கிக்கொண்டாய். நடன அசைவுச் சிகிச்சையில் முதுகலை என்று பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் சொன்னால், ஆடினா நோய் போகுமா, நோய் போனா ஆடணுமா என்று கேட்கிறார். நான் ஏணியிலிருந்து விழுந்து, தோள் எலும்பு முறிந்து, போட்ட கட்டும் பிரித்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது, பயம்தான் கூடவே இருக்கிறது என்கிறார் டாக்டர். பெயின்டருக்கு என்ன பயம்? ஏணியைத் தொட மாட்டேன், கையைத் தோளுக்கு மேலே தூக்க மாட்டேன், அவ்வளவுதானே. இதற்காகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்றாயாம். வா, வந்து என் கையைத் தூக்கிப் பிடித்துக்கொள், ஊர்ச் சுவரையெல்லாம் அடித்து முடிக்கிறேன்.

போனில் உன் அம்மாவுக்குப் பாடம் எடுத்தாயே, எதிரே உட்கார்ந்து அவர் செய்வதை அப்படியே செய், பேசாதே என்று. நீ சொன்னது கொஞ்ச நேரம், அவள் செய்தது ஞாயிற்றுக்கிழமை முழுக்க. முறைத்தேன், முறைத்தாள். இருமினேன், இருமினாள். வலது கையை மடியில் வைத்துத் தாங்கினேன், அவளும் தன் நல்ல கையை அப்படியே தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அப்படியா இருக்கிறேன்? பார்க்கச் சகிக்கவில்லை. அவளைத் தோற்கடிக்க எழுந்து நின்று, இடது கையால் சுவரில் பெயின்ட் அடிப்பதுபோல் இழுத்தேன். அவளும் இழுத்தாள், மகா கேவலம். மேலேர்ந்து இழுடி, திட்டுத் திட்டா விழுது பாரு என்று நான் காட்ட, அப்பா, கை என்று இதை எழுதுகிற நம் வீட்டு வால் கத்தினான். பார்த்தால் என் வலது கை தலைக்கு மேலே நிற்கிறது. (டக்கென்று இறக்கிவிட்டார். அம்மாவும் இறக்கினாள். அப்புறம் அம்மா அழுதாள். இந்தத் தடவை அவள் செய்ததை அப்பா அப்படியே செய்தார்.)

உன் படிப்பின் மகிமை என்று தலைகால் தெரியாமல் ஆடாதே, உன் அம்மாவுக்குப் பெயின்ட் அடிக்கத் தெரியாததால் நடந்தது இது. ஆனாலும் அரைகுறை வைத்தியம் ஆபத்து, முழுசாகப் படித்து முடித்துவிட்டு வா. முன்னாலேயே வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன், திறக்கிற கை இன்னும் சரியாகவில்லை. நீயும் உன்னிடம் வருகிறவர்களும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். தரை ஈரமா என்று பார்த்து ஆடு, வீட்டுக்கு ஒருவர் விழுந்தது போதும்.

இப்படிக்கு,
கதவைத் திறக்காத உன் அப்பா

(இன்று காலை ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டால், தூசியாம்.)